கதவுக்குப் பின்னால் மூன்று வேலை

புஷ்பவல்லி வீட்டு வாசலில் செருப்புகள் எப்போதும் தெருவைப் பார்த்தே கிடக்கும். உள்ளே வரும்போது கழற்றிவிட்டு, குனிந்து ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவள் வாசற்படி ஏறுவாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எவனோ துரத்தப் போகிறான், காலை நுழைத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான் பாக்கி என்று காத்திருக்கிற குடும்பம் மாதிரி இருக்கும். "இது வூடா, பஸ் ஸ்டாண்டாடி?" என்று நூறு தடவை கேட்டிருப்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

நான் அஞ்சலாட்சி, அவளுக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் தாமோதரன் அண்ணன், அவள் வீட்டுக்காரர் குமாரவேல் தம்பி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் படகு. காத்திவாக்கம் குப்பத்தில், கடலிலிருந்து மூன்றாவது வரிசையில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருக்கிறோம். அவள் பக்கம் ஓர் ஊசி விழுந்தால் எங்கே கிடக்கிறது என்று தெரியும். என் பக்கம் படகே விழுந்தாலும் தேடத்தான் வேண்டும்.

பொய் சொல்லவில்லை. என் பிரஷர் மாத்திரை ஒரு நாள் ஃபிரிஜ் மேல் இருக்கும், ஒரு நாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், ஒரு நாள் என் கையிலேயே இருக்கும், நான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருப்பேன். ரேஷன் கார்டு தொலைந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். இரண்டு மாதம் கழித்து அது அரிசி டிரம்முக்குள்ளிருந்து வந்தது. தேடித் தேடியே எனக்குப் பாதி பிரஷர் ஏறுகிறது என்று டாக்டர் சொன்னார். சரி, டாக்டர் சொல்லவில்லை, புஷ்பவல்லிதான் சொன்னாள்.

அவள் வீட்டில் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். சாவிக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, எல்லாக் கார்டுகளும் போட்ட மஞ்சள் பைக்கு ஒன்று. நடு ஆணியில் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் சினேகாவின் பம்பு. சினேகா அவளுடைய ஒரே பெண், சின்ன வயதிலிருந்தே வீசிங். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அந்த நீலநிறப் பம்பை வாயில் வைத்து அழுத்தி மருந்தை உறிஞ்ச வேண்டும். தாமதமானால் உதடு கறுத்துவிடும். கதவுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு பச்சை வாளி, அதில் தண்ணீர், தண்ணீருக்குள் நான்கு துண்டுகள். நெடி அடித்தால் முகத்தில் கட்டிக்கொள்ள. வாசல் நிலைக்கு மேலே பழைய வலையிலிருந்து பிரித்த ஒரு நைலான் நூல் தொங்கும். அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக் காற்றைச் சொல்வாள்.

எல்லாம் வெள்ளத்தோடு கம்பெனி எண்ணெய் வந்த வருடத்தில் ஆரம்பித்தது. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியபோது அதன் மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்துகொண்டு வீட்டுக்குள் வந்தது. அந்த நாற்றத்தில் சினேகாவுக்கு இழுத்துக்கொண்டது. பம்பு எங்கே? துணி, பாத்திரம், தலையணை எல்லாம் எண்ணெயில் புரண்டுகொண்டிருக்கிறது. நானும் தேடினேன், என் கொழுந்தன் குமாரவேலும் தேடினான். பதினைந்து நிமிடம். கடைசியில் ஒரு தலையணை உறைக்குள் இருந்து எடுத்தோம். அந்தப் பிள்ளை எப்படிப் பிழைத்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தண்ணீர் வடிந்த மறுவாரமே புஷ்பவல்லி ஒரு பலகையும் கால் கிலோ ஆணியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவளுக்குக் கால் மணி நேர வேலை ஒன்று உண்டு. மீன் விற்றுவிட்டு வந்து குளித்ததும் பலகையில் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்ப்பாள். டார்ச்சை அடித்துப் பார்ப்பாள். வாளித் தண்ணீரை மாற்றுவாள். பம்பைக் குலுக்கிப் பார்ப்பாள். பிறகு கதவைச் சாத்தி, அதன் பின்பக்கத்தில் சாக்பீஸால் மறுநாள் வேலையை எழுதுவாள். மூன்றே மூன்று. நான்காவதாக ஒரு வரி எழுதச் சொன்னால் எழுத மாட்டாள். ஒரு வேலை முடிந்ததும் அந்த வரியை உள்ளங்கையால் துடைத்துவிடுவாள்.

"நாலாவது வேல வந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"அது நாளான்னிக்குக் கீதுக்கா. இன்னிக்கே எதுக்கு அத்த மடில போட்டுகினு அழணும்?"

"உனக்குப் பயமே கெடயாதா? இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் கரண்டு கம்பெனி சாம்பலு, நடுவுல நம்ம. எனக்கு நெனச்சாலே மாரு படபடன்னு அடிச்சுக்குது."

"யாரு சொன்னது பயமில்லன்னு? எனக்கும் கீது. அதுக்கும் ஒரு ஆணி அடிச்சு மாட்டிட்டேன். அது பாட்டுக்குத் தொங்கினு கீது, நான் பாட்டுக்குச் சோறு துன்றேன்."

சொன்னபடியே தின்பாள், சொன்னபடியே தூங்குவாள். படுத்த ஐந்தாவது நிமிடம் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்கும். நான் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, கேஸை மூடினேனா, கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமைதான். சொல்வதில் என்ன வெட்கம்?

அவள் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையில் மீன் அன்னக்கூடையை வைத்துக்கொண்டு திருவொற்றியூர்த் தெருக்களில், "சங்கரா, காரப்பொடி, நெத்திலீ..." என்று அவள் ஒரு சத்தம் போட்டால் மூன்று தெரு தள்ளி மாடியில் இருக்கிறவர்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். அந்தக் குரலுக்காகவே அவளிடம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தை மாதம் எதுவும் சரியாக இல்லை. சில நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு நெடி வரும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், அரை மணியில் போய்விடும். நெடி எங்களுக்குப் புதிதில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மீன் குழம்பைக் கிளறுகிறவர்கள் நாங்கள். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. கரையில் மீன் காயப் போட்டால் எப்போதும் விரட்டி மாளாத காக்கைகள் மூன்று நாளாக வரவே இல்லை. தொப்பி போட்ட இரண்டு பேர் கடற்கரையோரம் ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் கருவி வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருடைய குழாய், உள்ளே என்ன ஓடுகிறது, எங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

புஷ்பவல்லி மட்டும் நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நெடி வர்ற அன்னிக்கெல்லாம் கொண்டக் காத்து அடிக்குதுக்கா. கடல் பக்கத்துலேர்ந்து வருது. நாளைக்கு ஒண்ணுன்னா ரோட்டுப் பக்கமா ஓடணும். கடல் பக்கம் போவக் கூடாது."

எனக்குச் சுரீர் என்றது. சண்டை, தீ, போலீஸ் எது வந்தாலும் எங்கள் குப்பத்தில் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் ஓடுவோம். படகு இருக்கிறது, கடல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? "கடலம்மா புள்ள கடல் பக்கம் போவக் கூடாதா? வாயக் கழுவுடி மொதல்ல!" என்று கத்தினேன். அவள் போய் வாளித் தண்ணீரை மாற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் சினேகாவுக்கு வரன் வந்தது. பெண் திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். பையன் திலீப், காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். குடி கிடையாது, நல்ல குடும்பம். இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து நின்றுபோயிருந்தன. இரண்டும் எதனால் நின்றன என்று எனக்குத் தெரியும். பெண்ணுக்கு இளைப்பு என்று யாரோ ஓதிவிட்டார்கள். இந்த மூன்றாவதும் போய்விட்டால் அந்தப் பெண் மனசு உடைந்துவிடும் என்று பயந்தேன். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மதியம் புஷ்பவல்லி பூ வாங்கவும் பால் வாங்கவும் கடைக்குப் போனாள். நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். பலகையைப் பார்த்தேன். வருகிற மனுஷி கண்ணில் முதலில் என்ன படும்? எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக ஒரு மஞ்சள் பை, நட்ட நடுவில் ஒரு மருந்துப் பை. கதவுக்குப் பின்னால் ஊறுகிற துண்டுகள். என்ன வீடு இது, ஆஸ்பத்திரியா என்று கேட்க மாட்டாளா?

விறுவிறுவென்று வேலை பார்த்தேன். மஞ்சள் பை, சாவி, டார்ச் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினேன். துணிப்பையைப் பம்போடு கழற்றி, அடுப்பு மேடையில் கவிழ்த்திருந்த இட்லிப் பானைக்குள் வைத்து மூடினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகளைப் பிழிந்து பின்பக்கக் கொடியில் போட்டேன். நிலைக்கு மேல் தொங்கிய நூலைச் சுருட்டி இடுக்கில் செருகினேன். கதவின் பின்பக்கம் சாக்பீஸ் கிறுக்கல் அசிங்கமாகத் தெரிந்தது. அதை நான் படிக்கவில்லை. அவளுடைய வேலைப் பட்டியலை நான் என்றைக்குப் படித்தேன்? என் வீட்டுப் புதுத் திரைச்சீலையைக் கொண்டுவந்து அதன் மேல் மாட்டினேன். கடைசியாக வாசலுக்கு வந்து எல்லாச் செருப்பையும் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

புஷ்பவல்லி பூவோடு உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். வெறும் ஆணிகள். அவள் கண் நடு ஆணியில் ஒரு நொடி நின்றது.

"வூடு ஷோக்கா கீதுக்கா," என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் நான்கு பேர் வந்தார்கள். திலீப், அவன் அப்பா, அம்மா, தங்கை. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. பையனின் அம்மா கொஞ்சம் குண்டு, பேச்சு கறார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. சினேகாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெருமுனையில எல்லையம்மன் கோயிலு கீதாமே. ஒரு நட போயிட்டு வந்துர்லாமா? பொண்ணும் வரட்டும்," என்றாள் அவள்.

பெண் எப்படி நடக்கிறாள், காலில் ஏதும் ஊனமா என்று பார்க்கிற தந்திரம் அது. எங்கள் கல்யாணத்திலும் இப்படித்தான் நடக்க வைத்தார்கள். எல்லாரும் கிளம்பினோம். வாசலில் நின்று புஷ்பவல்லி விரலை மடக்கி எண்ணினாள். வெளியே போகும்போது தலை எண்ணுவது அவள் வழக்கம். எங்களில் ஐந்து, அவர்களில் நான்கு. ஒன்பது. விருந்தாளி முன்னால் எண்ணாதே என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

கோயில் மெயின் ரோட்டை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. கற்பூரம் காட்டிக் குங்குமம் வாங்கும் நேரத்தில் நெடி வந்தது. முதலில் லேசாக. பூசாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மூச்சுக்குள் அது அறைந்த மாதிரி வந்து இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. குப்பத்துப் பக்கமிருந்து நாய்கள் எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்து ஓடின. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. பின்னாலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். கரைப் பக்கம் ஓடிய சிலர் வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தார்கள்.

நான் சினேகாவைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கையை நெஞ்சில் வைத்திருந்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்ணெய் வந்த அன்று கேட்ட அதே சத்தம்.

பம்பு வீட்டில் இருக்கிறது. இட்லிப் பானைக்குள் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஏய் புஷ்பா, பம்பு அங்க கீது" என்று கத்தியிருக்கலாம். பையனின் அம்மா பக்கத்தில் நிற்கிறாளே! அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. பெண்ணுக்கு மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, நான் வரன் போய்விடுமே என்று பார்க்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

யாரிடமும் சொல்லாமல், முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். கடலைப் பார்த்து.

தெருவில் ஆள் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி வீட்டுக்குள் நுழைந்து நேராக அடுப்படிக்குப் போய் இட்லிப் பானையைத் திறந்தேன். காலி.

இங்கேதானே வைத்தேன்? கையை விட்டுத் துழாவினேன். காலி. இட்லிப் பானைதானா, இல்லை குக்கரா? குக்கரைத் திறந்தேன். அரிசி டிரம்மா? ரேஷன் கார்டு அதற்குள்தானே போனது. டிரம்மைக் கவிழ்த்தேன். மெத்தைகளை உதறினேன். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. தொண்டைக்குள் மிளகாயைக் கரைத்து ஊற்றின மாதிரி எரிந்தது. என் புத்தியை நானே நம்பாதவள் நான். எனக்கு வைத்த இடம் ஞாபகம் இருந்தது, ஆனாலும் இல்லை என்றே நினைத்தேன். எத்தனை நிமிடம் தேடினேனோ. கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சினேகா செத்துப்போய்விட்டாள், நான்தான் கொன்றேன் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது வாசலில் குரல். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். "அக்கா! எங்க கீற?"

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் கை சுவரில் தட்டுகிற ஓசை கேட்டது. தட்டுகிறாள், மறுபடியும் தட்டுகிறாள். "வாளி? வாளி எங்கக்கா?" கண்ணை மூடிக்கொண்டே கையை விட்டால் கிடைக்கிற வாளி. அது இருந்த இடத்தில் இல்லை. அவள் கோயில் குழாயில் நனைத்துக்கொண்டு வந்த துண்டு ஒன்றுதான் இருந்தது. அவள் முகத்தில் கட்டியிருந்ததை அவிழ்த்து என் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினாள். பிறகு என் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வெறும் மூச்சோடு, என்னை, என் எடையை, அந்தத் தெரு நீளத்துக்கும் இழுத்தாள். பாதி வழியில் குமாரவேலும் திலீப்பும் ஓடிவந்து தூக்கினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் சினேகா உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. நான் அவள் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. கதறி அழுதேன்.

"அம்மாகிட்டதான் பம்பு இருந்துச்சு பெரீம்மா," என்றாள் அவள். "நீ ஓடினதுமே இடுப்புலேர்ந்து எடுத்துக் குடுத்துச்சு. நீ ஓடினது அப்ப யாருக்கும் தெர்ல. அம்மா தல எண்ணிச்சு. எட்டுதான் இருந்துது. அப்பதான் உன்னத் தேடி வூட்டுக்கு ஓடுச்சு."

"அவங்க எதிர்லயேவா பம்பு இழுத்த?"

சினேகா என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவங்களும் இழுத்தாங்க பெரீம்மா. அத்தை கைப்பைலேர்ந்து ஒண்ணு எடுத்து அவங்க இழுத்துகினு, அப்பால அவங்க பொண்ணுக்குக் குடுத்தாங்க. அவங்க வூட்ல மூணு பேருக்குக் கீதாம்."

மடியிலிருந்து இறக்காத அந்தக் கைப்பை! அவர்களும் ஒளித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா? இந்தப் பக்கம் இளைப்பு இல்லாத வீடு எது? ஒவ்வொரு வீட்டிலும் பம்பு இருக்கிறது, ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளிக்கிறது. அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். "கல்யாணத்த ஆவணில வெச்சுக்கலாங்க்கா. ரெண்டு வூட்டுக்கும் ஒரே சீட்டு காட்டி மருந்து வாங்கிக்கலாம்," என்று கறாராகவே சொல்லிவிட்டுப் போனாள்.

புஷ்பவல்லி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜனோடு கிடந்தாள். நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். என்னை நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் நான் கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தது. அரிசி, மெத்தை, பாத்திரம். துணியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது திரைச்சீலை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நான் மாட்டிய சீலை. இழுத்துப் போட்டேன்.

கதவின் பின்பக்கம் சாக்பீஸில் மூன்று வரி. சனிக்கிழமை சாயங்காலம் எழுதியது.

பூ வாங்கணும்.

பால் ரெண்டு லிட்டர்.

அக்கா பம்ப ஒளிச்சி வெப்பா. தேடி எடுத்து இடுப்புல வெச்சிக்கணும்.

பூவோடு வந்ததும் சீலையை விலக்கித் துடைத்திருக்க வேண்டும், முதல் இரண்டும் கொஞ்சமாகத்தான் தெரிந்தன. மூன்றாவதைத் துடைப்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் போல, அது அப்படியே இருந்தது. என்னைத் திட்டவில்லை, என்னிடம் கேட்கவில்லை, விருந்தாளி முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் செய்யப் போவதை ஒரு நாள் முன்னாலேயே வேலையோடு வேலையாக எழுதி வைத்திருக்கிறாள். பம்பை நினைத்தவள் வாளியை நினைக்கவில்லை. அவ்வளவுதான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. பிறகு எழுந்து அரிசியை அள்ள ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் அது இருந்த ஆணியிலேயே மாட்டினேன். நூலை இடுக்கிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டேன். மூன்றாவது வரியைத் துடைக்கக் கை வரவில்லை.

பதினோராம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். பாதியாக இருந்தாள். குரல் போய்விட்டது. தகரத்தில் மணல் தேய்த்த மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. இனி கூவி விற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடை தூக்கவும் கூடாது. நான் தூக்குகிறேன், நானே கூவுகிறேன் என்றேன். "உன் கொரலக் கேட்டா மீனே எழுந்து ஓடிடும்," என்றாள். அந்தக் குரலிலும் கிண்டல் மட்டும் போகவில்லை.

உள்ளே வந்து பலகையைத் தொட்டுப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். மூன்றாவது வரியைப் பார்த்தாள்.

"முடிஞ்ச வேலக்கா இது. இன்னும் இன்னாத்துக்கு வெச்சுகினு கீற?" என்று சொல்லி உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள். வாளி என்று எழுதினாள். இன்னொரு பம்பு, இன்னொரு ஆணி என்று எழுதினாள். "இது எனக்கு," என்றாள். இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, சாக்பீஸை என் பக்கம் நீட்டினாள்.

"மூணாவது நீ எழுதுக்கா."

வாங்கிக்கொண்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தேன். நிலைக்கு மேலே நூல் அசைந்தது. கடல் பக்கமிருந்து எங்கள் பக்கமாக நீண்டு நின்றது. அப்போது லேசாக, ரொம்ப லேசாக, கண்ணோரம் கரித்தது. அவளும் மூக்கைத் தூக்கினாள்.

சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். குனிந்து என் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பிறகு அவளுடையதை, பிறகு சினேகாவுடையதை.